பொண்ணு வீட்டுக்குள்ள ஆடினா அது வியாதியா?

1/ கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு அரசு மருத்துவமனைல டியூட்டி டாக்டர் நான். போன வாரம் ஓபி-ல ஒரு அம்மா 13 வயசுப் பொண்ணைக் கூட்டிட்டு வந்தாங்க. "மேடம், இவ தினமும் சாயங்காலம் டிவி முன்னாடி தனியா நின்னு ஆடுறா. கேம் பைத்தியம் புடிச்சிருச்சு. ஏதாவது மாத்திரை எழுதிக் குடுங்க."

நீளமான இழை. கோவத்துலதான் எழுதுறேன். பொறுமையா படிங்க.

2/ முதல்ல ரெண்டு விஷயம். அடையாளம் தெரியக் கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன். அப்புறம், நான் எம்.பி.பி.எஸ் தான், மனநல மருத்துவர் இல்ல. ஒரு நாளைக்கு நூத்துக்கும் மேல ஓபி சீட்டு பாக்குற சாதாரண டாக்டர். அந்த நாற்காலியில இருந்து தெரியுறதைச் சொல்றேன்.

3/ "என்ன கேம்?"னு கேட்டேன். அம்மாவுக்குச் சொல்லத் தெரியல. பொண்ணு தலை குனிஞ்சபடியே போன்ல ஒரு போட்டோ காட்டினா. நாலு பக்கமும் அம்புக்குறி போட்ட ஒரு பிளாஸ்டிக் பாய். பக்கத்துல சாம்பல் கலர்ல பழைய பிளேஸ்டேஷன். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. காலேஜ் படிக்கும்போது சென்னை மால்ல நானும் அந்த மாதிரி மிஷின்ல ஏறித் தடுமாறியிருக்கேன்.

4/ எப்படி வந்துச்சு இது? நம்ம ஏரியா தெரிஞ்சவங்களுக்கு ஆச்சரியமா இருக்காது. பெருவாயல்ல மஹிந்திராவும் ஜப்பானோட சுமிட்டோமோவும் சேர்ந்து நடத்துற தொழில் பூங்கா இருக்கு. ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திராவுக்குள்ள போனா ஸ்ரீசிட்டி. ரெண்டு இடத்துலயும் ஜப்பான் கம்பெனிகள். பொண்ணோட அப்பா அப்படி ஒரு கம்பெனியில எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ்.

5/ ஊருக்குத் திரும்பின ஒரு ஜப்பான் இன்ஜினியர், வீட்டைக் காலி பண்ணும்போது "உங்க பொண்ணுக்குக் குடுங்க"ன்னு குடுத்துட்டுப் போன பெட்டி. ஜப்பான்ல கரண்ட் 100 வோல்ட், நம்ம ஊர்ல 230. நேரா சொருகினா புகைஞ்சிடும். அப்பா ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி மாட்டிக் குடுத்திருக்கார். அந்த அப்பாவுக்கு என் சல்யூட்.

6/ விளையாட்டு ரொம்ப சிம்பிள். பாட்டு ஓடும். டிவியில கீழ இருந்து அம்புக்குறிகள் மேல ஏறி வரும். மேல இருக்குற கோட்டைத் தொடும்போது, தாளத்துக்குச் சரியா, பாயில அதே அம்புக்குறியை மிதிக்கணும். சரியா மிதிச்சா 'பெர்ஃபெக்ட்', விட்டுட்டா 'மிஸ்'. அவ்வளவுதான். துப்பாக்கி இல்ல, ரத்தம் இல்ல, பணம் கட்டுறது இல்ல, முகம் தெரியாத ஆளோட சாட்டிங் இல்ல.

7/ கொனாமி கம்பெனி 1998-ல ஜப்பான்ல கேம் சென்டர்களுக்குக் கொண்டு வந்த 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்' தான் இதுக்கு மூலம். அது ஹிட் ஆனதும் ஒரே ஒரு பாப் குழுவோட பாட்டுகளை மையமா வெச்சு 'டான்சிங் ஸ்டேஜ்'னு தனி வெர்ஷன் போட்டாங்க. குழுவோட பேரு 'ட்ரீம்ஸ் கம் ட்ரூ'. மிஷின் 1999-ல வந்துச்சு, வீட்டு பிளேஸ்டேஷன் சிடி 2000-ல. இந்தப் பொண்ணுகிட்ட இருக்குறது அந்த சிடி.

8/ 'ட்ரீம்ஸ் கம் ட்ரூ' ஜப்பான்ல சின்னப் பேரு இல்ல. 1989-ல முதல் ஆல்பம். பாடுறவங்க யோஷிதா மிவா. பேஸ் கிட்டார் நகமுரா மசாடோ. 90ஸ் கிட்ஸ் டிவியில விளையாடின 'சோனிக்' ஞாபகம் இருக்கா, ஓடிக்கிட்டே இருக்குற நீல முள்ளெலி? அதோட முதல் பாகத்துக்கு இசை இந்த நகமுரா தான். 13 வயசுக் குழந்தை கேக்கக் கூடாத எதையும் இவ கேக்கல.

9/ அப்போ அம்மாவுக்கு என்ன பயம்? மூணு பேர் பயமுறுத்தியிருக்காங்க. கீழ் வீட்டு அக்கா: "ஆவி புகுந்த மாதிரி குதிக்கிறா." ஊர்ல இருந்து வந்த பெரியம்மா: "வயசுக்கு வந்த பொண்ணு இப்படி ஆடலாமா?" மூணாவதா நம்ம வாட்ஸ்அப் யுனிவர்சிட்டி: "கேம் விளையாடுறது மனநோய்னு உலக சுகாதார நிறுவனமே அறிவிச்சிருச்சு."

10/ கடைசியில இருந்து ஆரம்பிப்போம். உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியல்ல 'கேமிங் டிஸ்ஆர்டர்'னு ஒண்ணு சேர்த்தது உண்மை. அந்தப் பட்டியல் 2022 ஜனவரி 1-ல நடைமுறைக்கு வந்துச்சு. ஆனா "கேம் விளையாடினா நோய்"னு அதுல எங்கயும் இல்ல. இருக்குறது இதுதான்:

11/ ஒண்ணு, விளையாட்டை நிறுத்தவே முடியாம கட்டுப்பாடு போயிருக்கணும். ரெண்டு, சாப்பாடு, தூக்கம், படிப்பு, நண்பர்கள் எல்லாத்தையும் விட அதுவே முக்கியம்னு ஆகியிருக்கணும். மூணு, கெடுதல் நடக்குறது தெரிஞ்சும் தொடரணும். இதனால வாழ்க்கையே கணிசமா பாதிக்கப்பட்டிருக்கணும். பொதுவா 12 மாசமாவது இப்படி இருந்தாத்தான் அந்தப் பேரையே சொல்லலாம்.

12/ நான் பொண்ணுகிட்டக் கேட்டேன். எவ்வளவு நேரம் ஆடுற? "நாப்பது நிமிஷம் மேடம், அதுக்கு மேல கால் வலிக்கும்." அம்மா நிறுத்தச் சொன்னா? "நிறுத்திடுவேன்." ஸ்கூல்? லீவு போட்டதே இல்ல. தூக்கம்? பத்து மணிக்கு. ஹோம்வொர்க்? அம்மாவே சொன்னாங்க, "அதெல்லாம் முடிச்சிடுவா."

இதுல நோய் எங்கங்க இருக்கு?

13/ அந்த விளையாட்டுலயே ஒரு பிரேக் இருக்கு, கவனிச்சீங்களா? மூச்சு வாங்கும், கால் வலிக்கும், வேர்க்கும். உக்காந்து விளையாடுற கேமை ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஆடலாம். உடம்பு முழுக்க ஆடுற கேம் நாப்பது நிமிஷத்துல "போதும் தாயே"ன்னு உக்கார வெச்சிடும்.

14/ அப்போதான் அம்மா பிளாஸ்டிக் கவர்ல இருந்து பழைய ஓபி சீட்டை எடுத்தாங்க. எட்டு மாசத்துக்கு முன்னாடி இதே பொண்ணு இதே ஓபிக்கு வந்திருக்கா. அன்னிக்கு என்ன புகார் தெரியுமா? "கழுத்துல கருப்பா அழுக்கு சேர்ந்துருக்கு மேடம், எவ்வளவு தேய்ச்சாலும் போகல."

15/ இதைப் படிக்கிற அம்மாக்கள் கொஞ்சம் நில்லுங்க. பிள்ளையோட பின்கழுத்துல, அக்குள்ல வெல்வெட் மாதிரி தடிப்பா கருப்பு படிஞ்சிருந்தா பெரும்பாலும் அது அழுக்கு இல்ல. பீர்க்கங்கூட்டை வெச்சுத் தேய்க்காதீங்க, புண்ணாகும். உடம்புல இன்சுலின் சரியா வேலை செய்யலைங்கறதுக்கு அது ஒரு அறிகுறி. பின்னாடி சுகர் வரலாம்னு உடம்பு முன்கூட்டியே குடுக்குற நோட்டீஸ்.

16/ அன்னிக்குச் சீட்டுல: எடை 63 கிலோ, உயரம் 150 செ.மீ. மாதவிடாய் ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை. மாடி ஏறினா மூச்சு வாங்குது. கீழ என் கையெழுத்துலயே அட்வைஸ்: "தினமும் உடற்பயிற்சி." எல்லா டாக்டரும் எழுதுற ரெண்டு வார்த்தை. எங்க போய் செய்யணும்னு நானும் எழுதல, அவங்களும் கேக்கல.

17/ இப்போ: எடை 60, உயரம் 152. பி.எம்.ஐ 28-ல இருந்து 26. இன்னும் அதிகம்தான். ஆனா கடைசி மூணு மாசமா பீரியட்ஸ் மாசா மாசம் வருது. மாடி ஏறினா மூச்சு வாங்கல. "ஏதாவது மாத்திரை குடுங்க"ன்னு அம்மா கேட்டாங்களே, அந்த மாத்திரையை அவ ஏற்கெனவே எடுத்துக்கிட்டிருக்கா. அதைத்தான் புடுங்கணும்னு என்கிட்ட வந்திருக்காங்க.

18/ சண்டைக்கு வர்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன். ஒரு பொண்ணை வெச்சு இந்த கேம் எடை குறைக்கும்னு முடிவு சொல்ல முடியாது. மருத்துவம் அப்படி வேலை செய்யாது. சாப்பாடு மாறியிருக்கலாம், வயசு ஏற ஏற பீரியட்ஸ் தானா சீராகியிருக்கலாம். ஆனா அவ உடம்பு அசையுது. அது நல்லதுங்கறதுல எந்த டாக்டருக்கும் சந்தேகம் இல்ல.

19/ 5 முதல் 17 வயசு வரைக்கும் தினமும் சராசரியா 60 நிமிஷம் மூச்சு வாங்குற அளவுக்கு உடம்பு அசையணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. உலகத்துல 11-17 வயசுப் பிள்ளைகள்ல 81 சதவீதம் பேருக்கு அது கிடைக்கலைன்னு 2019-ல அவங்க வெளியிட்ட ஆய்வு சொல்லுச்சு. பசங்க 78. பொண்ணுங்க 85. பெரும்பாலான இடங்கள்ல பொண்ணுங்கதான் உக்கார வைக்கப்படுறாங்க.

20/ இப்போ நம்ம ஊருக்கு வாங்க. இந்தப் பொண்ணு ஸ்கூல்ல இருந்து நாலரைக்கு வர்றா. அம்மாவுக்கு சிப்காட்ல பேக்கிங் வேலை, வீடு வந்து சேர ஏழேகால். அப்பாவுக்கு வாரா வாரம் ஷிப்ட் மாறும். அதுவரைக்கும் பத்துக்குப் பத்து ரூம், உள்பக்கம் தாழ்ப்பாள். "யார் தட்டினாலும் திறக்காத." இங்க நூறு வீட்டுல இதுதான் கதை. அம்மாவைக் குத்தம் சொல்லல. அவங்க பயம் எனக்குப் புரியுது.

21/ வெளிய போய் விளையாடலாமேன்னு கேப்பீங்க. எங்க? ஜி.என்.டி ரோட்டுல கன்டெய்னர் லாரி. சிப்காட் உள்ரோட்டுல டிரெய்லர். நடக்க பிளாட்ஃபார்ம் கிடையாது. இரும்பு உருக்குற ஆலைப் பக்கம் இருக்குற தெருவுல துணி காயப் போட்டாலே கருப்பாகுது, பிள்ளையை ஓட விடச் சொல்றீங்களா? இருக்குற ஒண்ணு ரெண்டு மைதானத்துலயும் சாயங்காலம் அண்ணனுங்க கிரிக்கெட். பொண்ணுங்க நிக்க இடமில்ல.

22/ ஸ்கூல்ல பி.டி. பீரியட் இருக்கேன்னு கேப்பீங்க. வாரத்துக்கு ரெண்டு இருக்காம். "ஒண்ணு மேத்ஸ் மிஸ் எடுத்துக்குவாங்க, இன்னொண்ணு சயின்ஸ் சார்"னு சொன்னா. இது ஒரு ஸ்கூல் கதை மட்டும் இல்ல. விளையாட்டுத் துறை அமைச்சரா இருந்தப்ப உதயநிதி ஸ்டாலினே மேடையில கேட்டுக்கிட்டார், பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் வாங்காதீங்கன்னு. அமைச்சர் கேக்குற அளவுக்கு ஊரறிஞ்ச திருட்டு.

23/ அடுத்து பெரியம்மா. "வயசுக்கு வந்த பொண்ணு ஆடலாமா?" சரி. மஞ்சள் நீராட்டு விழாவுக்கு மண்டபம் புடிச்சீங்க, ரோடு வரைக்கும் பேனர் வெச்சீங்க, டிஜே வெச்சீங்க. மாமா ஆடினார், சித்தப்பா ஆடினார், சித்தப்பாவோட ஃப்ரெண்ட்ஸ் ஆடினாங்க. அன்னிக்கு ஆட்டம் யாருக்கும் தப்பா தெரியல. அந்த மண்டபத்துலயே சேர்ல அசையாம உக்காந்திருந்தது விழா நாயகி மட்டும்தான்.

24/ அன்னிக்கு உக்கார வெச்ச பொண்ணை அதுக்கப்புறம் எழுப்பவே இல்ல. சைக்கிள் நின்னுச்சு, தெருவுல ஷட்டில் நின்னுச்சு. முப்பது வயசுல சுகரோட வர்றாங்க, கல்யாணம் ஆகி குழந்தை நிக்கலைன்னு வர்றாங்க. அப்போ நாங்க சீட்டுல எழுதுறோம்: "தினமும் உடற்பயிற்சி." பதினேழு வருஷம் லேட்.

25/ இது எனக்கு வேற யாரோ கதை இல்ல. நானும் திருவள்ளூர் பக்கம்தான். எட்டாவது வரைக்கும் ஸ்கூல் த்ரோபால் டீம். ஒன்பதாவதுல "போதும், படிப்பைப் பாரு." படிச்சேன், டாக்டர் ஆனேன், சந்தோஷம். இப்போ 34 வயசு. போன வருஷம் எடுத்த மூணு மாச சுகர் டெஸ்ட் 6.0. அதுக்குப் பேரு ப்ரீ டயபடீஸ். டாக்டரா இருந்தா மட்டும் உடம்பு மன்னிக்காது.

26/ "ஜப்பான் பாட்டு, கலாச்சாரம்"னு ஒரு முனகலும் கேட்டுச்சு. ஒரு தகவல். நம்ம ரஜினியோட 'முத்து' ஜப்பான்ல ரிலீஸ் ஆனது 1998-ல. அங்க வெச்ச பேருக்கே 'ஆடும் மகாராஜா'ன்னுதான் அர்த்தம். அதே வருஷம்தான் இந்த டான்ஸ் மிஷினும் அங்க வந்துச்சு. ரஜினி ஆட்டத்தை ஜப்பான்காரங்க ரசிச்சா நமக்குப் பெருமை. அவங்க பாட்டுக்கு நம்ம பொண்ணு நாலு ஸ்டெப் போட்டா கலாச்சாரச் சீரழிவு. என்ன நியாயம் இது?

27/ அப்புறம், கட்டம் பாத்துத் தாவுறது நமக்குப் புதுசா? கரித்துண்டால கோடு போட்டு, சில்லு எறிஞ்சு, ஒத்தைக் கால்ல பாண்டி ஆடாத பாட்டி இருக்காங்களா? கும்மி, கோலாட்டம் எல்லாம் தாளத்துக்குக் காலும் கையும் சேர்ற ஆட்டம்தானே. பாட்டி தெருவுல ஆடினதை, தெரு இல்லாத பேத்தி ஒரு பிளாஸ்டிக் பாய்ல ஆடுறா.

28/ வெளிநாட்டு உதாரணமும் ஒண்ணு. அமெரிக்காவுல வெஸ்ட் வர்ஜீனியா மாநிலத்துல பிள்ளைகளோட உடல் பருமன் பெரிய தலைவலி. 2006-ல அங்க ஒரு அறிவிப்பு வந்துச்சு: மாநிலத்தோட 765 அரசுப் பள்ளிகளுக்கும் இதே 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்' கொண்டு வரப் போறோம்னு. கால்பந்து டீம்ல இடம் கிடைக்காத பிள்ளையும் வெக்கப்படாம இதுல அசையும்ங்கறதுதான் யோசனை.

29/ இதோட குறையையும் சொல்லிடுறேன், ஒரு பக்கமா பேசுறேன்னு வேணாம். வீட்டுல இப்படிப் பாய் குடுத்து நடத்தின ஆய்வுகள்ல, முதல்ல ஆசையா ஆடின பிள்ளைகள் வாரம் போகப் போக குறைச்சுக்கிட்டாங்க. தனியா ஆடினா சலிச்சிடும். இது மைதானத்துக்கு மாற்று கிடையாது. வெயில், காத்து, கூட்டாளி, தோத்துட்டுக் கை குலுக்குறது, இதெல்லாம் பாய்ல கிடைக்காது.

30/ "அப்போ எல்லா கேமும் நல்லதா டாக்டர்?"னு கீழ ஒருத்தர் கண்டிப்பா கேப்பார். இல்லவே இல்ல. பணம் வெச்சு ஆடுற ஆன்லைன் கேமால குடும்பங்கள் தெருவுக்கு வந்ததை நாம பார்த்தோம். அதனாலதான் 2022-ல தமிழ்நாடு சட்டம் போட்டுச்சு, 2025 ஆகஸ்ட்ல பார்லிமென்ட்டும் பண விளையாட்டுக்குத் தடைச் சட்டம் போட்டுச்சு. ராத்திரி முழுக்க போன்ல சுட்டுக்கிட்டு காலையில ஸ்கூல்ல தூங்குற பசங்களையும் ஓபி-ல பாக்குறேன்.

31/ வேடிக்கை என்னன்னா, அப்படிப்பட்ட பையனை யாரும் "பைத்தியம்"னு கூட்டிட்டு வர்றது இல்ல. கண்ணு எரியுது, தலை வலிக்குதுன்னு வர்றாங்க. மூலையில சத்தமில்லாம உக்காந்து போன் நோண்டுறவன் "சமத்து". எழுந்து நின்னு ஆடுறவ "பைத்தியம்". சத்தம் வருதா வரலையாங்கறதை வெச்சு நாம வியாதியை முடிவு பண்றோம்.

32/ அதனால பெற்றோர்கள் மூணு கேள்வி மட்டும் கேளுங்க. இந்த விளையாட்டுல பிள்ளை உடம்பு அசையுதா? இதுல பணம் போகுதா? "போதும்"னு சொன்னா நிறுத்துதா? அசையுது, பணம் போகல, நிறுத்துதுன்னா, விட்டுடுங்க. உக்காந்தே இருக்கு, பணம் போகுது, நிறுத்தச் சொன்னா பொருளை உடைக்குதுன்னா, அப்போ வாங்க. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்ல மனநலப் பிரிவு இருக்கு, எழுதி அனுப்புறோம்.

33/ வீட்டுல இப்படி ஆடுற பிள்ளைங்களுக்கு: பாய் வழுக்காம டேப் ஒட்டுங்க. சாக்ஸ் போட்டு ஆடாதீங்க, கணுக்கால் பிசகும். முன்னாடி தண்ணி குடிங்க. அசைவக் குழம்பு சாப்பிட்ட உடனே வேணாம். இதயக் கோளாறு இருந்தா, இல்ல வலிப்பு வந்திருந்தா, டாக்டர்கிட்டக் கேட்டுட்டு ஆடுங்க.

34/ நிர்வாகத்துல இருக்குறவங்க யாராவது படிச்சா: இவ்வளவு தொழிற்சாலை வர்ற பகுதியில, வேலைக்கு வர்றவங்களோட பிள்ளைங்களும் வாழுறாங்க. லாரி நிறுத்த ஏக்கர் கணக்குல இடம் ஒதுக்க முடியுது. சாயங்காலம் ரெண்டு மணி நேரம் பொண்ணுங்களுக்குன்னு, விளக்கு போட்டு, பக்கத்துல ஒரு டாய்லெட்டோட ஒரு மைதானம் ஒதுக்க முடியாதா? கம்பெனிகளோட சமூகப் பொறுப்பு நிதியில முதல்ல கேக்க வேண்டியது இது.

35/ தலைமை ஆசிரியர்களுக்குக் கும்பிட்டுக் கேக்குறேன்: பி.டி. பீரியடை விட்டுடுங்க. கணக்குல அஞ்சு மார்க் குறைஞ்சா அடுத்த பரீட்சையில எடுத்துக்கலாம். 13 வயசுல போன வருஷத்தை 30 வயசுல நாங்க எந்த மாத்திரையாலயும் திருப்பிக் குடுக்க முடியாது.

36/ சரி, அந்த அம்மாவுக்கு என்ன எழுதினேன்? மாத்திரை இல்ல. சீட்டுல எழுதினது: "டான்ஸ், தினமும் 40 நிமிடம், மாலை. உடன் அம்மா, ஞாயிறு மட்டும்." சீல் வெச்சுக் குடுத்தேன். பெரியம்மா கேட்டா காட்டட்டும். அரசு மருத்துவமனை சீல் வெச்ச ஆட்டத்தை யாரு நிறுத்துறாங்கன்னு பாப்போம்.

37/ அம்மா சீட்டை ரெண்டு தடவை படிச்சாங்க. "கீழ் வீட்டுல சத்தம்னு சொல்றாங்களே மேடம்?" பாய்க்கு அடியில பழைய பஞ்சு மெத்தை ஒண்ணு போடுங்க, ஏழு மணிக்கு மேல வேணாம், கீழ் வீட்டு அக்காவோட பொண்ணையும் ஒரு நாள் ஆடக் கூப்பிடுங்கன்னு சொன்னேன். ரெண்டு பேரா ஆடினா சலிக்காது.

38/ கதவுகிட்டப் போனதும் பொண்ணு திரும்பி வந்து மெதுவா கேட்டா: "மேடம், அந்தக் கழுத்துக் கருப்பு போயிடுமா?" மெதுவா குறையும், ஆடுறதை நிறுத்தாம இருந்தான்னு சொன்னேன். அம்மா நாப்பது நிமிஷத்துல "பைத்தியம்"னு பாத்ததுக்குள்ள அவ அதைத்தான் தேய்ச்சுக்கிட்டு இருந்திருக்கா.

39/ ரெண்டரை அடிப் பாய். இந்த ஊர்ல ஒரு 13 வயசுப் பொண்ணு பயமில்லாம அசையறதுக்கு நாம மிச்சம் வெச்சிருக்குற இடம் அவ்வளவுதான். அதையும் சுருட்டிப் பரண்ல போடாதீங்க. முடிஞ்சா பக்கத்துல ஒரு மைதானம் குடுங்க. முடியலைன்னா பாயையாவது விட்டு வைங்க.

40/ இழை முடிஞ்சது. திட்டுறவங்க திட்டலாம், ஆனா இன்னிக்கு வீட்டுல உங்க பொண்ணு எத்தனை நிமிஷம் எழுந்து ஓடினான்னு கேட்டுட்டு வந்து திட்டுங்க. நைட் டியூட்டிக்கு நேரமாச்சு.